லியோனல் பிளேஸ்

லியோனல் பிளேஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் செங்கல்பட்டு ஜாகீரில் ஆட்சியராக (கலெக்டராக) இருந்தவர். 1794 முதல் 1798 வரை அப்பொறுப்பில் இருந்தார். இன்று சென்னையின் தென்புறநகராக விளங்கும் தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், வண்டலூர் முதலிய ஊர்களும், அவற்றுக்குத் தெற்கேயும் மேற்கேயும் உள்ள செங்கல்பட்டு, காஞ்சிபுரம், மதுராந்தகம் பகுதிகளும் அவருடைய ஆட்சி எல்லைக்குள் அடங்கியிருந்தன. மதுராந்தகம் ஏரியை இராமரே காத்தார் என்னும் கதையில் வரும் வெள்ளைக்காரத் துரையாகவே பொதுமக்கள் இவரை அறிவர். வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுடக் கூடாது என்ற எழுத்து மூலமான காப்பு முதன்முதலில் இவர் காலத்தில் அளிக்கப்பட்டது என்பதும் வழங்கிவரும் செய்தியாகும். நீர்நிலை ஒன்று அரசு ஆணையால் காக்கப்பட்டதற்கு இந்தியாவில் கிடைக்கும் மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக இது கருதப்படுகிறது.

பொது வழக்கில் இவர் கர்னல் என்று அழைக்கப்படுகிறார். எனினும் இவர் செய்தது படைப்பணி அன்று, வருவாய்ப் பணியே. அதுபோலவே செங்கல்பட்டின் முதல் ஆட்சியர் என்றும் இவர் பல நூல்களில் குறிக்கப்படுகிறார். இவருக்கு முன்பும் கம்பனி அலுவலர்கள் ஜாகீரின் வருவாயைக் கவனித்து வந்தனர். ஆயினும் ஊர் ஊராகச் சென்று நிலம், நீர், உரிமை ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்து எழுதியவர்களுள் இவரே முதன்மையானவர் என்பதால் அப்பெயர் நிலைத்துவிட்டது எனலாம்.

== ஜாகீர் ==

கம்பனியின் படைச்செலவுக்கு ஈடாக ஆற்காட்டு நவாப் முகம்மது அலி 1763இல் சென்னையைச் சுற்றியிருந்த பகுதியைக் கம்பனிக்கு அளித்தார். முகலாயப் பேரரசர் 1765இல் இதனை உறுதி செய்தார். இவ்வாறு கிடைத்த நிலப்பகுதியே ஜாகீர் எனப்பட்டது. பின்னாளைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பெரும்பகுதி இதுவேயாகும். 1780 வரை நவாபே இதனைக் கம்பனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்து வரி தண்டி வந்தார். 1767க்கும் 1774க்கும் இடையில் பொறியாளர் தாமஸ் பர்னார்டு ஜாகீரின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஒவ்வோர் ஊரிலும் எவ்வளவு நன்செய், எவ்வளவு புன்செய், எத்தனை ஏரி குளம், விளைச்சலில் எந்தப் பங்கு யாருக்கு என்ற விவரங்கள் அக்கணக்குகளில் உள்ளன. ஊர்க் கணக்கர்கள் எழுதிய பனையோலைச் சுவடிகளும் அவற்றுக்கு இணையாகக் கிடைக்கின்றன. 20ஆம் நூற்றாண்டில் காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் இக்கணக்குகளை வெளிக்கொணர்ந்த பின்னரே இவை பரவலாக அறியப்பட்டன.

இக்கணக்குகள் காட்டும் நாடு நெடுநாள் நிலைக்கவில்லை. 1780இல் ஐதர் அலி பெரும்படையுடன் கருநாடகப் பகுதிக்குள் நுழைந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை முற்றிலும் தோற்றது. போரைத் தொடர்ந்து பஞ்சமும் வந்தது. ஊர்கள் வெறிச்சோடின, ஏரிக்கரைகளைப் பார்ப்பாரில்லை. கம்பனி ஜாகீரை நேரடியாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது இக்கால கட்டத்தில்தான். பிளேஸ் பொறுப்பேற்றபோது போர் முடிந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும் நாடு முழுமையாக மீளவில்லை.

== ஆட்சியர் பொறுப்பில் ==

1794இல் ஜாகீரின் ஆட்சியரான பிளேஸ், மதுராந்தகத்துக்கு வடக்கே உள்ள கருங்குழியைத் தலைமையிடமாகக் கொண்டார். பழைய கோட்டையும் பெரிய ஏரியும் அமைந்த ஊர் அது. பின்னர் வந்த ஆட்சியர்களும் சில இடைவெளிகளுடன் 19ஆம் நூற்றாண்டின் முதற்கால் வரை அங்கிருந்தே ஆண்டனர்.

அக்காலத்தில் நன்செய் வரி பெரும்பாலும் விளைச்சலின் பங்காகவே கணக்கிடப்பட்டது. களத்தில் குவிந்த நெல்லிலிருந்து ஏரி, கோயில், கணக்கன், தச்சன், கொல்லன், காவற்காரன், வெட்டியான் ஆகியோருக்கு உரிய சுதந்திரங்களை அளந்த பிறகு, எஞ்சியது மேல்வாரம், குடிவாரம் என இரண்டாகப் பிரிந்தது. மேல்வாரம் அரசுக்கு, குடிவாரம் பயிரிடுவோருக்கு. ஏரி நிறைந்தால் அரசின் பங்கும் நிறையும். கரை உடைந்தால் இரண்டும் போகும். பிளேஸ் ஏரிகளின் மீது காட்டிய அக்கறையை இந்தக் கணக்கிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. அவர் காலத்தில் ஜாகீரின் வருவாய் உயர்ந்தது. மேலதிகாரிகளிடம் அவருக்கு மதிப்பைத் தேடித் தந்ததும் அதுவே.

வரி தண்டுவதில் அவர் கடுமையானவராக இருந்தார். பல ஊர்களுக்குத் தலைவர்களாக இருந்த நாட்டார்கள் இடையில் நின்று பெருமளவு செல்வத்தைக் கைப்பற்றுகின்றனர் என்று கருதி அவர்களுடைய அதிகாரத்தை நீக்கினார். ஊர் நிலத்தில் பரம்பரை உரிமை கொண்ட மிராசுதாரர்களுடன் நேரடியாக ஊர்வாரியான உடன்பாடு செய்துகொள்ள முயன்றார். அரசின் கோரிக்கையை ஏற்க மறுத்த மிராசுதாரர்களின் நிலத்தைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்கவும் அவர் தயங்கவில்லை. மிராசுதாரர்களும் வாளாவிருக்கவில்லை. பயிர்வேலையை நிறுத்துவது, ஊரைவிட்டு வெளியேறுவது போன்ற பழைய எதிர்ப்பு முறைகளைக் கையாண்டனர். ஊர்க்காவலுக்கும் பாளையக்காரர்களையும் தலையாரிகளையும் பொறுப்பாக்கும் பழைய ஏற்பாட்டை அவர் மீண்டும் நிலைநிறுத்த விரும்பினார்.

இவை அனைத்திலும் ஒரு பொதுப் போக்கு தெரிகிறது. புதியதாக ஒன்றைக் கொண்டுவருவதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. நாட்டின் பழைய வழக்கத்தைக் கண்டறிந்து மீட்பதாகவே எழுதினார். ஆனால் எது பழைய வழக்கம் என்பதை முடிவு செய்தவர் அவரே. அமெரிக்க வரலாற்றாய்வாளர் யூஜின் இர்ஷிக் 1994இல் வெளியிட்ட நூலில் பிளேசின் ஆட்சியை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆங்கில அலுவலர்களும் உள்ளூர் மக்களும் ஒருவரோடு ஒருவர் வாதாடி உருவாக்கியதே பின்னாளில் மரபு என்று ஏற்கப்பட்டது என்பது அந்நூலின் கருத்து.

== ஏரிகள் ==

செங்கல்பட்டுப் பகுதியில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. பாலாறு மழைக்காலத்தில் மட்டும் வெள்ளம் காண்பது. அடையாறு தாம்பரத்துக்கு மேற்கே ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரால் உருவாகி, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் மிகைநீரையும் பெற்றுக் கடலை அடைகிறது. ஆறு ஏரியை நிரப்புவது பிற இடங்களின் இயல்பு. இங்கோ ஏரிகள் நிரம்பி வழிந்தே ஆறு பிறக்கிறது. ஆகவே இப்பகுதியில் ஆற்றைக் காப்பதென்பது ஏரிகளைக் காப்பதேயாகும்.

ஏரிகள் தனித்தனியானவை அல்ல. மேட்டு ஏரியின் கலிங்கலில் வழியும் நீர் வரத்துக்கால் வழியாக அடுத்த ஏரிக்குச் செல்கிறது. தாம்பரத்தின் கிழக்குப் பகுதியில் இத்தொடர் இன்றும் அடையாளம் காணத்தக்கது. செம்பாக்கத்தின் மிகைநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து கோவளம் அருகே கடலில் கலக்கிறது. இத்தொடரில் ஒரு கரை உடைந்தால் அந்த ஊரோடு தீங்கு நிற்பதில்லை. மேலேயுள்ள ஏரி உடைந்த வெள்ளம் கீழேயுள்ள ஏரிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக உடைத்துக்கொண்டு போகும்.

இவற்றைப் பேணும் வேலை ஊரில் பகுக்கப்பட்டிருந்தது. களத்து நெல்லில் ஏரிக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. சில ஊர்களில் ஏரி மானியமாக நிலமும் விடப்பட்டிருந்தது. மடையைத் திறப்பதும் மூடுவதும், மழையிரவுகளில் கரையைச் சுற்றி வருவதும் நீர்க்கட்டி, வெட்டியான் எனப்பட்டோரின் பணி. மிராசு உரிமை ஏதும் இல்லாத ஒடுக்கப்பட்ட சாதியினரே பெரும்பாலும் இவ்வேலையைச் செய்தனர். நீரின் அளவையும் கரையின் பலவீனத்தையும் அவர்களைப் போல் அறிந்தவர் ஊரில் வேறு எவரும் இல்லை. ஆட்சியரின் அறிக்கைகளில் மிராசுதாரர்களின் குரல் கேட்கும் அளவுக்கு இவர்களின் குரல் கேட்பதில்லை.

போருக்குப் பின் இந்த ஏற்பாடு பல இடங்களில் குலைந்திருந்தது. பங்கு ஒதுக்கப்பட்டாலும் அது ஏரிக்குச் செலவாகவில்லை. சிறு பழுதுகளை ஊரார் பார்த்துக்கொள்ளலாம்; பெரிய உடைப்புகளுக்கு அரசின் பணம் தேவைப்பட்டது. பிளேஸ் காலத்தில் கம்பனிச் செலவில் ஏரிகள் செப்பனிடப்பட்டன. அவற்றுள் பெரிதும் பேசப்படுவது மதுராந்தகம் ஏரியாகும்.

== மதுராந்தகம் ஏரியும் இராமர் கதையும் ==

மதுராந்தகம் ஏரி சோழர் காலத்ததாகக் கருதப்படுகிறது. ஊரின் பெயரும் மதுராந்தகன் என்னும் சோழ மன்னர் பெயரால் அமைந்தது. இதன் மிகைநீர் கிளியாற்றில் செல்கிறது. ஏரிக்கரையை ஒட்டி அமைந்த கோதண்டராமர் கோயில் வைணவர்களுக்கு முக்கியமானது. இராமானுசர் பெரிய நம்பியிடம் ஐந்து சடங்குகளைப் பெற்று வைணவ நெறியில் சேர்ந்தது இங்குள்ள மகிழ மரத்தடியில் என்பர்.

பிளேஸ் ஆட்சியராக இருந்தபோது இவ்வேரியின் கரை மழைதோறும் உடைந்து வந்ததாகக் கதை தொடங்குகிறது. பெருஞ்செலவில் கரையை உயர்த்தக் கல்லும் மண்ணும் குவிக்கப்பட்டன. கோயிலில் ஜனகவல்லித் தாயாருக்குத் தனிச் சன்னதி கட்டும் வேலை பொருளின்றி நின்றிருந்தது. கோயிலைச் சேர்ந்தோர் அதற்கு உதவும்படி துரையை வேண்டினர். உங்கள் கடவுள் இந்த ஆண்டு கரையைக் காத்தால் சன்னதியைக் கட்டித் தருவதாக அவர் சொன்னார். சில நாளில் அடைமழை பிடித்தது. ஏரி விளிம்பு வரை நிறைந்தது. இரவில் குடையுடன் கரையைப் பார்க்கச் சென்ற துரை திடீரென்று மண்டியிட்டுத் தொழுதார். கரை பலவீனமாக இருந்த இடத்தில் வில்லேந்திய இரு இளைஞர்கள் ஒளியுடன் நின்று காவல் செய்வதை அவர் கண்டாராம். உடன் வந்தோருக்கு எதுவும் தென்படவில்லை. மறுநாளே சன்னதி வேலை தொடங்கிற்று. இதனாலேயே இக்கோயில் இறைவன் ஏரி காத்த இராமர் என்று வழங்கப்படுகிறார்.

நிகழ்ச்சியின் ஆண்டு சொல்பவர்க்கேற்ப மாறுகிறது. 1795 என்போரும் 1798 என்போரும் உள்ளனர். கதையைச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆனால் தாயார் சன்னதியில் இத்திருப்பணி கம்பனி ஜாகீர் கலெக்டர் பிளேசுக்கு உரியது என்று குறிக்கும் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. எனவே அவர் கோயிலுக்குக் கொடை அளித்தது உறுதி. பிற மதத்தைச் சேர்ந்த அலுவலர் ஒருவர் உள்ளூர்த் தெய்வத்தின் ஆற்றலைக் கண்டு பணிந்தார் என்னும் வகைக் கதைகள் தமிழகத்தில் வேறு சில கோயில்களிலும் உண்டு. இக்கதையின் தனித்தன்மை, அற்புதம் நிகழும் இடம் கருவறையாக இல்லாமல் ஏரிக்கரையாக இருப்பதே. ஏரி உடைவதைவிடப் பெரிய அச்சம் அந்நாட்டில் இருக்கவில்லை என்பதை இது காட்டுகிறது. கரையில் மண் சுமந்தவர்களும் இரவுக் காவல் இருந்தவர்களும் கதையில் இடம்பெறவில்லை.

== காஞ்சிபுரம் கோயில்கள் ==

காஞ்சிபுரத்துப் பெரிய கோயில்களின் வருவாயும் விழாக்களும் போர்க்காலத்தில் சீர்குலைந்திருந்தன. பிளேஸ் அக்கோயில்களின் நிதி நிர்வாகத்தைத் தன் மேற்பார்வையில் கொண்டுவந்து விழாக்கள் முறையாக நடக்க ஏற்பாடு செய்தார். நாடு அமைதியாக இருந்தால் வரி ஒழுங்காக வரும். கோயில் விழா நடந்தால் நாடு அமைதியாக இருக்கிறது என்று மக்கள் நம்புவர். இதுவே அவருடைய நோக்கமாகத் தெரிகிறது. வரதராசப் பெருமாளுக்கு அவர் தலையணி ஒன்றைக் காணிக்கையாக அளித்ததாகவும் கூறப்படுகிறது. இராபர்ட் கிளைவ் அளித்த மகரகண்டி என்னும் அணியுடன் இதுவும் சேர்த்துப் பேசப்படும்.

பிற்காலத்தில் கிறித்தவ மறைப்பணியாளர்கள் இதனைக் கடுமையாகக் கண்டித்தனர். கம்பனி அரசு கோயில் நிர்வாகத்தில் தலையிட்டதற்குத் தொடக்கமாகப் பிளேசின் செயலைச் சுட்டினர். 1840களில் கம்பனி கோயில் நிர்வாகத்திலிருந்து விலகத் தொடங்கியது.

== வேடந்தாங்கல் ==

சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கி.மீ. தொலைவில், மதுராந்தகம் வட்டத்தில் உள்ள சிற்றூர் வேடந்தாங்கல். இங்குள்ள ஏரி சுமார் 30 எக்டேர் பரப்பளவே உடையது. மதுராந்தகம் ஏரியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஏரிக்குள் நீர்க்கடம்பு மரங்கள் வளர்ந்துள்ளன. வடகிழக்குப் பருவமழையில் நீர் நிறைந்தபின் கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, வக்கா, நீர்க்காகம் முதலிய பறவைகள் அம்மரங்களில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. வேடந்தாங்கல் என்னும் பெயரே வேடர்கள் தங்கிய இடம் என்று பொருள்படும். பறவை வேட்டைக்குப் பெயர்பெற்ற ஊர் பறவைக் காப்பகமாக மாறியது பெயர்க்காரணம் தேடுவோரை வியக்க வைக்கும்.

பறவைகளின் எச்சம் நீரில் கலப்பதால் அந்நீர் நிலத்துக்கு உரமாகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த அந்த ஏரிநீரைப் பாய்ச்சும் வயலில் விளைச்சல் மிகும் என்பது ஊராரின் நெடுநாள் பட்டறிவு. அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் சிலர் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டனர். ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டனர். பறவைகளுக்கு எவரும் தீங்கு செய்யலாகாது என்று ஆட்சியர் கவுல் எழுதிக் கொடுத்தார். இது 1798இல் பிளேஸ் அளித்த ஆணை என்று குறிக்கப்படுகிறது. அவ்வாறாயின் அவர் பொறுப்பிலிருந்து விலகிய ஆண்டில் செய்த செயல்களுள் ஒன்று இதுவாகும்.

கவுல் என்பது வரி, குத்தகை, பாதுகாப்பு பற்றி அரசு தரும் உறுதிமொழிச் சீட்டு. புதிதாக ஊரில் குடியேறுவோருக்கும், தரிசைத் திருத்துவோருக்கும், போருக்கு அஞ்சி ஓடியவர் திரும்பி வருவதற்கும் கவுல் கொடுப்பது வழக்கம். பறவைகளின் பொருட்டு ஊராருக்குக் கவுல் கொடுக்கப்பட்டது புதுமையே. ஆனால் அதன் பின்னுள்ள கருத்து பழையது. பறவை போனால் எரு போகும். எரு போனால் விளைச்சலும் மேல்வாரமும் குறையும். பிளேஸ் பறவை ஆர்வலர் என்பதற்குச் சான்று ஏதுமில்லை. ஏற்கெனவே ஊர் செய்துவந்த காவலுக்கு அரசின் முத்திரையைத் தந்ததே அவருடைய பங்கு. அந்த முத்திரையின்றி, துப்பாக்கியுடன் வந்த கம்பனிச் சிப்பாயை ஊரார் தடுத்திருக்க இயலாது என்பதும் உண்மை.

பின்னர் 1858இல் அப்போதைய ஆட்சியர் இந்த உரிமையைப் புதுப்பித்தார். 1936இல் இது அரசு ஏற்ற பறவைக் காப்பிடமாயிற்று. 1962இல் சென்னை வனச் சட்டத்தின் கீழும், 1972க்குப் பின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் வந்தது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. ஆரம் வரை காப்பகம் என அறிவிக்கப்பட்டது. அந்த எல்லையை 3 கி.மீ. ஆகக் குறைக்க 2020இல் அரசு முன்வைத்த திட்டம் பலத்த எதிர்ப்பைச் சந்தித்தது. 2022இல் வேடந்தாங்கல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. இத்தனை சட்டங்களுக்குப் பிறகும் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பதை ஊரார் தாமாகவே பின்பற்றி வருகின்றனர். நவம்பர் முதல் மார்ச் வரை பறவை காண வரும் மக்கள் கரைமேல் அமைந்த நடைபாதையிலும் காட்சிக் கோபுரத்திலும் நின்று பார்க்கின்றனர். ஏரிக்குள் இறங்க இடமில்லை.

அமெரிக்காவில் 1968இல் இயற்றப்பட்ட சட்டம் காக்கப்படும் ஆறுகளை மூவகையாகப் பிரிக்கிறது. மனிதக் கை படாத காட்டாறுகள், சாலை சிறிதே எட்டும் எழிலாறுகள், எளிதில் சென்று மகிழத்தக்க பொழுதுபோக்கு ஆறுகள் என்பன அவை. நீர்நிலையைக் காப்பதும் மக்கள் அதனைத் துய்ப்பதும் முரண்படாமல் இருக்க இப்பாகுபாடு உதவும் என்பது அச்சட்டத்தின் நோக்கம். தமிழகத்தில் ஏரிகள் வேறு அளவுகோலால் பிரிக்கப்பட்டன. ஆற்றுநீர் பெறுவது, மழையை மட்டும் நம்புவது என ஒரு பிரிவு. ஆயக்கட்டு 40 எக்டேருக்கு மேற்பட்டால் பொதுப்பணித் துறையிடமும் அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்திடமும் என மற்றொரு பிரிவு. இரண்டுமே பாசனத்தை மட்டும் கருதியவை. பறவையோ, நீரின் தூய்மையோ, கரையில் உலாவும் மக்களோ அவ்வகைப்பாட்டில் இல்லை. இந்த வழக்கத்துக்கு வேடந்தாங்கல் விலக்காக அமைந்ததற்குக் காரணம் அங்கே பறவையே பாசனத்தின் பகுதியாக இருந்ததுதான்.

== 1799 அறிக்கையும் பின்விளைவுகளும் ==

பொறுப்பிலிருந்து விலகிய பின் 1799 சூன் மாதத்தில் பிளேஸ் ஜாகீர் பற்றிய நீண்ட அறிக்கையை அளித்தார். மிராசு உரிமையின் தோற்றம், ஊர்களின் அமைப்பு, விளைச்சல் பங்கீடு, நாட்டார்களின் அதிகாரம் முதலியவை அதில் விளக்கப்பட்டுள்ளன. 1812இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழு வெளியிட்ட ஐந்தாம் அறிக்கை இதனைப் பெரிதும் பயன்படுத்தியது. சென்னை ஆட்சியராகவும் தமிழறிஞராகவும் விளங்கிய எல்லிஸ் சில ஆண்டுகளுக்குப் பின் மிராசு உரிமையைப் பற்றி எழுதியபோது பிளேஸ் திரட்டிய செய்திகள் அவருக்கு முன்னே இருந்தன.

பிளேஸ் அமைத்த ஊர்வாரி ஏற்பாடு நீடிக்கவில்லை. 1802இல் ஜாகீர் 61 மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு நிலையான தீர்வையின்படி ஏலம் விடப்பட்டது. ஏலம் எடுத்தவர்களில் பலர் தவணையைக் கட்ட இயலாமல் மிட்டாவை இழந்தனர். ஏரிகளைப் பழுதுபார்க்க அவர்களுக்குப் பணமும் இல்லை, மனமும் இல்லை. பின்னர் இரயத்துவாரி முறை வந்தது. ஏரிப் பங்கும் மானியமும் அரசின் வரிக் கணக்கில் கரைந்தபின், ஊரார் தம் உழைப்பால் செய்யும் குடிமராமத்து என்னும் கடமை மட்டும் எஞ்சியது. அதனைச் சட்டத்தால் வலியுறுத்த அரசு 19ஆம் நூற்றாண்டில் முயன்றும் பெரும்பயன் விளையவில்லை.

== தாம்பரம் பகுதி ஏரிகளின் பிற்கால நிலை ==

பிளேஸ் ஆண்ட ஜாகீரின் வடபகுதி ஊர்களில் வேடந்தாங்கலைப் போன்ற கவுல் எதுவும் எழுதப்படவில்லை. தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, இரும்புலியூர், முடிச்சூர் ஆகிய ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் ஏரி உண்டு. மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயில் சோழர் காலத்தது என்பதால் இவ்வூர்களின் பழமையை உணரலாம். 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. அதன்பின் நன்செய் நிலங்கள் மனைகளாயின. வயல் மறைந்ததும் மடைக்குப் பொருள் இல்லாமற் போயிற்று. நீரை நம்பி வாழ்ந்து, கரைக்காக ஆட்சியரிடம் முறையிடக்கூடிய ஆயக்கட்டுக்காரர் இல்லாத ஏரி, வருவாய்ப் பதிவேட்டில் வெறும் புறம்போக்காக நின்றது. கழிவுநீரும் குப்பையும் ஆக்கிரமிப்பும் அதன்பின் வந்தவை.

2007இல் தமிழக அரசு ஏரிப் பாதுகாப்புக்கும் ஆக்கிரமிப்பு அகற்றலுக்கும் தனிச்சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் பள்ளிக்கரணைச் சதுப்பின் 317 எக்டேர் பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றின் தலைப்பகுதியில் உள்ள முடிச்சூர், வரதராஜபுரம் குடியிருப்புகள் நீரில் மூழ்கின. அதன்பின் செம்பாக்கம், சிட்லப்பாக்கம் முதலிய ஏரிகளைச் சீரமைக்கும் பணிகள் நடந்தன. 2022இல் பள்ளிக்கரணையும், வேடந்தாங்கலுக்கு அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ஜாகீரின் வடக்கிலும் தெற்கிலும் உள்ள நீர்நிலைகள் ஒரே பட்டியலில் இடம்பெற்றது இதன்வழியே நிகழ்ந்தது. எனினும் பள்ளிக்கரணைக்கு நீர் தரும் மேட்டு ஏரிகளுள் பெரும்பாலானவை அப்பட்டியலுக்கு வெளியே உள்ளன.

== நினைவுச் சின்னங்கள் ==

மதுராந்தகம் கோயிலில் உள்ள கல்வெட்டே பிளேசின் பெயரைத் தாங்கி நிற்கும் முதன்மையான சின்னம். வடகிழக்குப் பருவமழையில் மதுராந்தகம் ஏரி நிரம்பிக் கலிங்கல் வழியும் ஆண்டுகளில் அருகிலுள்ள ஊர்மக்கள் திரளாக வந்து பார்ப்பர். அவர்களுள் பலர் கோயிலுக்கும் சென்று வில்லேந்திய இராமரையும் இலக்குவரையும் வணங்கித் திரும்புவர். துரை குடையுடன் கரைக்கு வந்த கதை அன்றும் சொல்லப்படும்.